கோணல் அறைக்கு டைல்ஸ்

ஊட்டிப் பக்கம் கேத்தியில் எங்கள் வீடு மேட்டைச் செதுக்கிக் கட்டியது. படுக்கையறையின் பின்சுவர் மேட்டின் போக்கிலேயே கோணலாகப் போகும். அதனால் அறையின் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. வருடக்கணக்காக அதில் தூங்குகிற என் கணவருக்கு மட்டும் இது தெரியாது.

நான் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்த டைல்ஸ் வேலை. இவரே அளவெடுத்தார், குட்டையான பக்கத்தில் மட்டும்.

"ஏனுங்க, அந்தப் பக்கமும் டேப் புடிச்சுப் பாருங்க."

"எதுத்த செவுரும் அதே அளவுதான் புள்ள. இதுகூடத் தெரியாதா?"

ஊட்டி டைல்ஸ் கடையில் பாய் சொன்னார்: "எதுக்கும் ரெண்டு பெட்டி சேத்தி எடுத்துக்குங்க."

"நம்ம கொத்தனாரு ஒண்ணுகூட உடைக்க மாட்டாருங்க" என்று இவர் மறுத்துவிட்டார்.

கொத்தனார் ஒன்றுகூட உடைக்கவில்லை. ஆனாலும் இன்று மதியம் டைல்ஸ் தீர்ந்துவிட்டது. பின்சுவர் ஓரம் பழைய சிமெண்ட் தரை முக்கோணமாகப் பல்லைக் காட்டுகிறது.

கடைக்குப் போன் செய்தேன். "அந்த டிசைன் முடிஞ்சுதுங்க. இனி வராதுங்க" என்றார் பாய்.

கணவர் அசரவில்லை. "அங்க பீரோவை வெச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

முக்கோண பீரோ எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அளவு இந்த முறை நான் எடுத்துக்கொள்கிறேன்.