பி சைடின் கடைசிப் பாட்டு

விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் நின்றிருக்கிறீர்களா? காதில் பஞ்சு வைத்தாலும் அந்தச் சத்தம் பல்லில் வந்து அதிரும். பக்கத்தில் நிற்பவர் பேசினால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும்...

தொண்ணூறுகளின் நடுவில், சூலூருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கொட்டகையில் அம்மா தறி ஓட்டினாள். அப்பா அங்கேயே தறி பழுது பார்க்கும் மேஸ்திரி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையோடு நேராக அங்கே போய்விடுவேன். லீவு நாளில் சாப்பாடும் அங்கேதான்.

அம்மா தறிக்குத் தறி நடந்துகொண்டே, அறுந்த இழையை முடிந்துகொண்டே பாடுவாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டுகள். கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது. அவள் குனிந்து இழை எடுக்கும்போதெல்லாம் ஒட்டி நின்று கேட்டதால் எனக்கு மட்டும் எல்லாம் மனப்பாடம்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்றன. அம்மாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.

"டீத்தண்ணியில மொகம் பாத்தேன்... பாலெங்க போச்சு மொதலாளி..."

முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"ஏனம்மணி, யார் கட்டுன பாட்டு இது?"

"சும்மா வாயில வந்துருச்சுங்க."

"எம் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்துச்சாக்கும்!" அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்பாதான் பேந்தப் பேந்த விழித்தார். "இத்தனை வருசமா வெத்தலை மெல்லறீன்னு நெனச்சுட்டிருந்தனே!"

மறுநாளிலிருந்து டீயில் பால் கொஞ்சம் கூடியது. அதோடு நிற்கவில்லை. முதலாளியின் மச்சான் ஒருவர் காந்திபுரத்தில் கேசட் போடுகிறவர். அவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார் முதலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போனோம்.

சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த சின்ன அறை. அம்மாவால் ஒரே இடத்தில் நின்று பாட முடியவில்லை. இரண்டு வரி பாடுவதற்குள் நாலடி நடந்துவிடுவாள்.

"அக்கா, மைக் இங்க இருக்குதுங்க. நீங்க எங்க போறீங்க?" என்று கத்துவார் ரெக்கார்டிங் அண்ணன். கடைசியில் அப்பா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு அவளை உட்கார வைத்தார்.

சாயங்காலம் ஆயிற்று. "கேசட்டுல பி சைடுல இன்னும் இடம் இருக்குதுங்க. இன்னொரு பாட்டு வேணும்" என்றார் ரெக்கார்டிங் அண்ணன்.

"அவ்வளவுதானுங்க. வேற இல்லீங்க" என்றாள் அம்மா.

"பாவுப் பாட்டு இருக்குதல்லம்மா!" என்றேன் நான், பெருமையாக.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பாட்டின் வார்த்தைகள் தெரியும். அது யாரைப் பற்றியது என்று தெரியாது. பாவு என்பது தறியில் ஏற்றியிருக்கும் நீள நூல். அதற்கு ஆறு வருடம் முன்பு, பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தன் அப்பா இறந்துபோன செய்தி வந்தபோது அம்மா தறியில் நின்றிருந்தாள். அவசர ஆர்டர். "ரெண்டு மணி நேரந்தான், பாவு முடிச்சுப்போட்டுப் போலாம்" என்றாராம் என் அப்பா. அவள் போய் இறங்கியபோது வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

"பாடிப்போடு அம்மணி, நேரமாவுது" என்றார் அப்பா, ஒன்றும் அறியாமல்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாவு முடிச்சுப் போலாமுன்னு சொன்ன மவராசா...
பாடை எனக்காகக் காத்து நிக்கலையே..."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை மெல்லக் கழன்றது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் அசையவே இல்லை.

வெளியே வந்த அம்மா அவரைப் பார்க்காமல் ரெக்கார்டிங் அண்ணனிடம் சொன்னாள். "அதை அழிச்சுப்போடுங்க."

"அழிக்க வேண்டாமுங்க, இருக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆறு வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே..."

"தறி ஓடறப்பத் தெனமும் சொன்னனுங்க."

அடுத்த வாரம் அப்பா அவளைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாத்தாவைப் புதைத்த இடத்தில் வெகு நேரம் நின்றாராம். அம்மா அதற்குமேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கேசட் வந்தது. ஊர் ஊராக எல்லோரும் கேட்டது அந்தக் கடைசிப் பாட்டைத்தான். பிறகு மூன்று கேசட்டுகள், கோயில் நோம்பி, திருவிழா மேடைகள், ரேடியோவில் இரண்டு முறை. பெருந்துறையில் ஒரு மேடையில் பாவுப் பாட்டு முடிந்ததும் யாரோ ஒரு பெண் மேலே ஏறி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா முன்வரிசையில்தான் இருப்பார். அந்தப் பாட்டுக்கு ஒரு நாளும் எழுந்து போனதில்லை. அதற்காகவே அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அன்று ஒரு பாட்டைப் பதிய ஒரு முதலாளியின் சிபாரிசு வேண்டியிருந்தது. இப்போது அம்மா முழங்கால் வலியால் மேடை ஏறுவதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஃபோனை அழுத்திப் பாடி அனுப்பிவிடுகிறாள். எனக்குத்தான் சென்னையில் அதையெல்லாம் உடனே திறந்து கேட்க நேரம் வாய்ப்பதில்லை.

போன வாரம் ஒன்று வந்தது. "உம்மேல ஒண்ணு கட்டியிருக்கேன் கண்ணு. கோவிச்சுக்காமக் கேளு." அதன் பிறகு மூன்று நிமிடப் பாட்டு. தீபாவளிக்குப் பிறகு நான் ஊர்ப் பக்கமே போயிருக்கவில்லை.

அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இரண்டு முறை கேட்டேன். எழுந்துபோய் லீவு சொன்னேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பா வண்டியோடு நிற்கிறார். என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தார்.

"என்ன கண்ணு, உனக்கும் ஒண்ணு வந்துருச்சாக்கும்?"