கருத்தையா போட்டுக்கொண்ட கட்டு

உலகத்தில் எவன் மண்டை உடைந்தாலும் அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்பியவர் கருத்தையா. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகத் துணியைச் சுருள் சுற்றிவந்தார். சுற்றுவது மிஷின்தான், எவ்வளவு இறுக்கம் என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய வலது பெருவிரல். ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்து அவர் சரி என்றால் சரி. முதலாளியே அந்த விரலிடம் அப்பீலுக்குப் போனதில்லை.

போன தை மாதம் நெஞ்சு வலித்தது. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் வலது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் நர்ஸ், துளை மேல் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "இதுக்கு மேல எதையும் இறுக்கிக் கட்டிராதீங்கய்யா" என்று சொல்லி அனுப்பினார்.

கருத்தையாவுக்கு அது தொழில்ரீதியான அவமானம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது பிளாஸ்திரி ஓரத்தில் கடுகளவு ரத்தம் தெரிந்தது. அவ்வளவுதான். பையிலிருந்து சொந்தச் சரக்கில் ஒரு சுருளை எடுத்து, ஒரு முனையை மனைவி இருளம்மாள் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, இழுத்துப் பிடி."

"நர்சம்மா கட்டக் கூடாதுன்னாவளே."

"அவ கட்டுப் போடுதவ. நான் கட்டுத்துணியையே உண்டாக்குதவன்."

இரண்டு நாள் அவிழ்க்கவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏங்க, விரலு நாவப்பழமால்ல இருக்கு!" என்றார் இருளம்மாள்.

"அது துணியோட பிடிப்புட்டி. மட்டச் சரக்குன்னா இப்படிப் பிடிக்குமா?"

மூன்றாம் நாள் அவிழ்த்தார். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை.

பத்து நாள் கழித்து செக்கப். டாக்டர் மணிக்கட்டில் நாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிட்டதாம்.

"கைக்கு ரெண்டு குழாய். இன்னொண்ணு ஓடுறதால கை தப்பிச்சது. நிறையப் பேருக்கு இது அடைச்சதே தெரியாது. உங்களுக்கு எப்படி?"

"பெருவிரல் மட்டும் மரத்தாப்ல இருக்கு சார். ரெண்டு நாளு இறுக்கிக் கட்டியிருந்துச்சு."

"மறுநாளே வந்திருந்தா திறக்கப் பாத்திருக்கலாம். யாரு இப்படிக் கட்டினது?"

கருத்தையா இருளம்மாளைப் பார்த்தார். இருளம்மாள் மின்விசிறியைப் பார்த்தார்.

"விரல் சரியாயிருமா சார்?"

"பாப்போம்" என்றார் டாக்டர், ஸ்கேனைப் பார்த்தபடி.

கம்பெனியில் சுருள்கள் தளர்ந்து விழுந்தன. பெட்டியில் அடுக்கும் சாம்சன், "அண்ணே, இது பேண்டேஜா, புள்ளைக்குத் தொட்டில் கட்டவா?" என்றான். அடுத்த வாரம் இரண்டு பெட்டிகள் திரும்பி வந்தன. முதலாளி ரொம்ப மரியாதையாக அவரை லேபிள் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார். மிஷினுக்கு மாரிக்கனி என்ற பெண் வந்தாள்.

முதல் சுருளோடு அவள் மேசைக்கு வந்து நின்றாள். "சித்தப்பா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

வலது பெருவிரலால் அமுக்கினார். ஒன்றும் தெரியவில்லை. இடதை வைத்தார். அதற்கு வேலை தெரியாது.

"சரியா இருக்குத்தா" என்றார்.

தலையாட்டிவிட்டுப் போனவள், மிஷினுக்குப் பின்னால் குனிந்து, அந்தச் சுருளை முழுக்கப் பிரித்து மறுபடியும் சுற்றினாள். கருத்தையா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அவள் எந்தச் சுருளையும் கொண்டுவரவில்லை. அவரும் கேட்கவில்லை.