வயிற்றோடு தைத்த கை

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு நெல் மில்லில் எனக்கு வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம், ஓடுகிற பெல்ட்டில் வலது கையைக் கொடுத்துவிட்டேன். எலும்பும் விரல்களும் தப்பின. புறங்கைத் தோல்தான் முழுக்க உரிந்து போயிற்று.

மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் எங்களுக்குத் தமிழில் விளக்கினார். வயிற்றுத் தோலை மூன்று பக்கம் வெட்டி, கதவு மாதிரித் திறந்து, புறங்கையை அடியில் வைத்துத் தைப்பார்களாம். தோல் கையில் பிடித்த பிறகு நாலாவது பக்கத்தையும் அறுத்துக் கையை விடுவிப்பார்களாம்.

"எம்பிள்ள என்ன சட்டையா, பை வச்சித் தைக்கதுக்கு?" என்று அம்மா அழுதாள்.

தைத்துவிட்டார்கள். இடது கையால் கஞ்சி குடிக்க நான் படும் பாட்டைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். முட்டத்து மீன்காரர், கால் ஒடிந்து கிடந்தார்.

மாப்பிள்ளைக்குக் கை போய்விட்டது என்று கேள்விப்பட்டுப் பெண்ணின் அப்பா வந்தார்.

"கையைக் காட்டும், பாப்போம்."

"காட்ட முடியாது மாமா."

"ஏன்?"

"வயித்தில இருக்கு."

போர்வையை விலக்கினேன். வயிற்றில் போட்டிருந்த கட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்ப வெளிய வரும்?"

மீன்காரர் முந்திக்கொண்டார். "மாசம் தெகைஞ்சா வரும் அண்ணாச்சி. சுகப் பிரசவமாகணும்ணு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் நின்றது என்று மறுநாளே ஆள் வந்து சொன்னான்.

நான் நம்பிக்கையை விட்டிருந்தபோது அந்தப் பெண்ணே தன் அத்தையோடு வந்து நின்றாள். நர்ஸ் கட்டை அவிழ்த்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து பார்த்தாள்.

"தொடலாமா?"

நர்ஸ் தலையாட்டினாள். புறங்கை மேலிருந்த தோலை ஒற்றை விரலால் மெல்லத் தொட்டாள்.

"எங்க தெரியுது?"

"வயித்தில."

"கையிலல்லா தொட்டேன்!"

சந்தேகம் தீர இன்னொரு முறை தொட்டாள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏட்டி, போதும், நட," என்று அத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டினால் அந்த ஆளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். மாமா ஒரு வாழைத்தாரோடு திரும்பி வந்தார். மீன்காரர் பக்கம் மட்டும் பார்க்கவேயில்லை.

கை விடுபட்டது, கல்யாணமும் நடந்தது. ஆனால் வயிற்றுத் தோல் கைக்கு வந்தும் தன் குணத்தை விடவில்லை. அவள் சமையலில் எனக்குத் தொப்பை விழுந்தபோது புறங்கையும் கூடவே உப்பிவிட்டது. இப்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால் அவள் முதலில் பார்ப்பது என் கையைத்தான்.