சிவப்புக் காய்க்குக் கொஞ்சம் கீரை

எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசியைவிட மறுநாள் துவாதசிதான் எல்லோருக்கும் பயம். ஏகாதசி அன்று பட்டினி கிடப்பது பெரிய விஷயமில்லை. ஸ்ரீரங்கத்தில் அன்றைக்குத் தெரு கொள்ளாத கூட்டம், மைக் சத்தம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று இருக்கிற அமளியில் பசிக்கு நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் இருக்காது. ராத்திரி கண் விழிப்பதும் அப்படியே ஓடிவிடும். மறுநாள் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி என்று மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கிறோம் பாருங்கள், அதற்குப் பிறகுதான் சோதனை. துவாதசிப் பகலில் தூங்கக் கூடாது. கண்ணயர்ந்தால் முதல் நாள் பட்டினி கிடந்த பலன் மொத்தமும் போச்சு.

பெரியம்மாவுக்கு மட்டும் இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. அவருக்குச் சர்க்கரை. விரதமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், துவாதசி மத்தியானம் உள் அறையில் பாயை விரித்து உரிமையோடு படுத்துவிடுவார். அங்கிருந்து வரும் குறட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் விழித்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியப்பாவுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக்கடை. மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே ஏகாதசி விரதம் இருக்கிறவர். ஒரு வருஷம்கூட அது கெட்டதில்லை. அவர் தூங்காமலிருப்பதற்கு வழக்கமாகப் பரமபதம் ஆடுவோம். அந்த வருஷம் பரமபதப் படத்தைப் பக்கத்து வீட்டார் ஏகாதசி ராத்திரிக்கென்று வாங்கிப் போனவர்கள், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் விருந்தாளிகளை ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பெரியப்பா, சித்தப்பா, நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். பெரியப்பாவின் தலை அப்போதே லேசாக ஆட ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, இதுல ஆடலாம்ணே" என்று சித்தப்பா தன் போனை நீட்டினார்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டச் போன் அது. சித்தப்பா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப்பில் வேலை பார்த்தார். வாங்கிய அன்றே அது பேசுகிற சாமான் என்பதை நான் மறந்துவிட்டேன். எனக்கு அது கார் ஓட்டுகிற, பழம் வெட்டுகிற, பன்றிக்குட்டிக்குத் தீனி போடுகிற சாமான். யாராவது போன் செய்தால் கார் நின்றுவிடும். அதனால் போன் செய்கிறவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம். மூன்றே மாதத்தில் வீட்டில் யாருக்கு டச் போன் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்றாகிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது, நீங்களாவது தெரிந்துகொண்டு படியுங்கள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு அக்காவைச் சித்தப்பா கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார். அந்த அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது என்றால் மாதா கோயிலுக்குப் போவது. பெரியப்பா காதில் விஷயம் அரைகுறையாக விழுந்திருந்தது. சித்தப்பா "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாலே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஒரு வருஷமாக அந்தப் பேச்சு "ஒரு விஷயம்" என்பதைத் தாண்டவில்லை. பெரியப்பா சம்மதம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு குக்கர்கூட வாங்கியதில்லை. போனில் பெரியப்பாவுக்கு எதிராக ஆடப்போவது போன் இல்லை, புத்தூரில் டியூட்டியில் இருந்த அந்த அக்கா. முகம் பார்க்க மாட்டேன் என்கிற அண்ணனோடு அவள் ஒரு மத்தியானமாவது உட்கார்ந்துவிடட்டும் என்று சித்தப்பா நினைத்திருக்கிறார். இந்த மாதிரி யோசனையெல்லாம் தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் வரும்.

பெரியப்பா திரையைப் பார்த்தார். "என்னடா இது, பாம்பு இருக்கு, ஏணி இருக்கு, உச்சியில பெருமாளக் காணோம்?"

"நூறுதான் பெருமாள்னு வெச்சுக்குங்கண்ணே."

"நான் எதுக்குடா வெச்சுக்கணும்? சரி, எனக்கு எதிரா யாரு?"

"போன்தாண்ணே. நீங்க பச்சைக் காய், அது சிவப்பு."

பெரியப்பா பகடையை அமுக்கினார். அவருக்குப் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்துப் பழகிய விரல். திரையில் ஒன்றும் நகரவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். போன் தப்பித்து அவர் மடியில் விழுந்தது. கடைசியில் பெரியப்பா "ம்" என்றால் நான் தொடுவது என்று ஏற்பாடாயிற்று. ஐந்து விழுந்தால் அவர் தன்னை மெச்சிக்கொண்டார், ஒன்று விழுந்தால் என் விரலைப் பார்த்தார்.

பெரியப்பாவின் காய் ஏணியில் ஏறியபோது சிவப்புக் காய் பக்கத்தில் குட்டியாக இரண்டு கை கூப்பி நின்றன. "என்ன பாப்பா அது?" என்றார். "போன் உங்களுக்குக் கும்பிடு போடுது பெரியப்பா" என்றேன். கொஞ்ச நேரத்தில் பாம்பு அவரைக் கடித்து அடிமட்டத்துக்கு இறக்கியது. உடனே அந்த இடத்தில் கண்ணீர் விடும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. பெரியப்பா அசந்துபோனார்.

"பாருடா, எனக்குப் பாம்பு கடிச்சதுக்கு அது அழுவுது. நீ சிரிக்கிற. இந்த வீட்ல இல்லாத மரியாதை இந்த டப்பாவுக்கு இருக்கு."

சித்தப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆனால் முகம் மட்டும் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஒரே ஒரு தொந்தரவுதான். சிவப்புக் காய் திடீர் திடீரென்று அசையாமல் நின்றுவிடும். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

"என்ன பண்ணுது?"

"யோசிக்குதுண்ணே."

"பகடைய உருட்டுறதுல என்னடா யோசனை? சதுரங்கமா ஆடுறோம்?"

"நெட்டு ஸ்லோண்ணே."

சித்தப்பாவின் முகத்தில் வியர்வை. மார்கழிக் குளிரில் அவருக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது என்று நான் கேட்டதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது. சிவப்புக் காய் திரும்பி வந்து, தாமதத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாலு கட்டம் நகர்ந்தது. இப்போது பெரியப்பாவின் முறை. அவருடைய "ம்" வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். போன் மடியில் இருந்தது. பெரியப்பாவின் தாடை நெஞ்சில் இருந்தது.

மீசை முளைப்பதற்கு முன்பிருந்து காப்பாற்றிய விரதம் எங்கள் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பெரியப்பாவைத் தொட்டு எழுப்பும் வழக்கம் கிடையாது. அந்த உரிமை பெரியம்மாவுக்கு மட்டும்தான், அவரோ உள்ளே குறட்டையில் இருந்தார்.

"எழுப்புங்க சித்தப்பா" என்று கிசுகிசுத்தேன்.

"நீ எழுப்பு குட்டி."

"நீங்கதானே அவருக்குத் தம்பி."

"அதனாலதான் சொல்றேன், நீ எழுப்பு."

சித்தப்பா கையை நீட்டினார். அண்ணனின் தோளுக்கு ஒரு சாண் தூரம் வரை போன கை, அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது.

அப்போது போன் மணி அடித்தது. ஏதோ பாட்டு இல்லை, கோயில் கண்டாமணி மாதிரி டிங் டிங் டிங் என்று விடாமல் அடித்தது. பெரியப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"யாரு? யாரு அடிச்சது?" பிறகு, குரல் இறங்கிவிட்டது. "நான் தூங்கிட்டனா?"

"கண்ணை மூடுனீங்க, அவ்வளவுதாண்ணே. குறட்டை வரல" என்றார் சித்தப்பா.

"வரப் பாத்துச்சு பெரியப்பா, மணி அடிச்சதும் திரும்பிப் போயிடுச்சு" என்றேன் நான்.

பெரியப்பா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். விரதம் தப்பித்தது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார் போலிருக்கிறது. பிறகு போனைக் கையில் எடுத்து, பழைய பாத்திரம் எடைக்கு வந்தால் பார்ப்பாரே அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு மணி அடிச்சுது?"

"நம்ம முறை வந்தும் ரொம்ப நேரம் ஆடலேன்னா அடிக்கும்ணே."

"அதுவா அடிக்குமா, யாராச்சும் அடிக்கணுமா?"

சித்தப்பா மறுபடியும் நெட்டு ஸ்லோ என்று சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"யாராச்சும் அடிக்கணும்ணே."

உள்ளே பெரியம்மாவின் குறட்டை நின்றுவிட்டது. பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். வாசலுக்குக் கிளம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புத்தூர்லேருந்தா?"

"ஆமாண்ணே."

டவர் புத்தூரில் இருக்கிறது போலும் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"டியூட்டியிலயா? அதான் அப்பப்ப எழுந்து போவுதா?"

"ஆமாண்ணே."

பெரியப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணாகுது. சாப்பிட்டுச்சாமா?"

சித்தப்பாவும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன்னத்தாண்டா கேக்குறேன். மனுசன எழுப்பிவிடத் தெரியுது, நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாதா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "போனு சாப்பிடாது பெரியப்பா, சார்ஜுதான் போடணும்" என்று சொல்லிவிட்டு அலமாரிக்கு ஓடினேன். சார்ஜரோடு திரும்பி வந்தால் பெரியம்மா கூடத்தில் நிற்கிறார். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"கீரை இருக்கு தம்பி. பச்சடியும் இருக்கு. டப்பாவுல போட்டுத் தரேன், கெட்டுப்போறதுக்குள்ள கொண்டு போயி குடுத்துட்டு வாங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனவர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பா டப்பாவோடு ஓடினார். ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் பெரியப்பாவின் செருப்பு. தெருமுனையில் டவுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பெரியப்பா ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆறு விழுந்தது. அடுத்தது சிவப்பின் முறை. அது அசையவில்லை. நான் தட்டிப் பார்த்தேன், போனைக் குலுக்கிப் பார்த்தேன்.

"பெரியப்பா, இது ஆட மாட்டேங்குது. தோத்துடுவோம்னு பயந்து ஓடிப் போயிடுச்சு."

"ஓடிப் போகலம்மா. சாப்பிட்டுட்டு வரட்டும்" என்றார் பெரியப்பா. சாதாரணமாக ஆட்டத்தில் யாரையும் தண்ணீர் குடிக்கக்கூட விடாத மனுஷர், பொழுது சாயும்வரை அந்தச் சிவப்புக் காயைப் பார்த்தபடி விழித்திருந்தார்.

எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது. போன் இங்கே இருக்கிறது, கீரை பஸ்ஸில் போகிறது. இந்தப் பெரியவர்களுக்கு டச் போனைப் பற்றி எதுவுமே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சார்ஜரைச் சொருகிவைத்தேன்.