மாமனார் துடைத்த விரல் இடுக்கு

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் காணிப்பாக்கத்தில் எனக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாமனார், மாப்பிள்ளையின் காலைக் கழுவும் சடங்கு. மற்ற மாப்பிள்ளைகள் அதில் ராஜா மாதிரி உட்காருவார்கள். நான் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காரணம், என் கால்விரல் இடுக்கு. அப்போது திருப்பதியில் ஒரு பைக் ஷோரூமில் சேல்ஸ்மேன். குளித்த ஈரக் காலிலேயே நைலான் சாக்ஸ், அதன்மேல் ஷூ. சித்தூரில் பஸ் ஏறினால் வீடு திரும்பும்வரை கழற்றுவதில்லை. உள்ளே காற்று கிடையாது, வேர்வைக்கு மட்டும் பஞ்சமில்லை. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஊறி, வெடித்து, நல்ல சேற்றுப்புண். பெண் பார்க்கப் போன இடத்தில், "சேத்துல கால் வைக்காத வேலைங்க" என்று பெருமையடித்தவனும் நான்தான்.

பெண் வீட்டு உறவினர்கள் வாய்க்குப் பேர்போனவர்கள். பையனுக்குத் தோல் வியாதி என்று ஒருவர் கிளப்பிவிட்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும். அதனால் அன்று காலையில் அரை டப்பா பவுடரை இடுக்கில் கொட்டி அடைத்திருந்தேன். மாமியார் தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் இட்லி மாவு ஓடியது.

மாமனார் புத்தலப்பட்டில் நெல் பயிரிடுபவர். விரலை விலக்கிப் பார்த்தார். நான் காலை இழுத்தேன்.

"தொடாதீங்க மாமா, ஒட்டிக்கும்" என்று கிசுகிசுத்தேன்.

"எனக்கு நடவுக்கு நடவு வர்றதுதான். சேத்துக் கயனி பக்கமே போவாத உங்களுக்கு எப்டி வந்துச்சு மாப்ள?"

"ஷூவுல, மாமா."

"அப்ப அதுவும் கயனிதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் ஒவ்வொரு இடுக்காகத் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய தங்கச்சி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, கால கய்வுறியா, குத்துவௌக்கு தேய்ச்சிக்கினு கீறியா?"

சட்டென்று உள்ளங்கையால் என் விரல்களை மூடினார் மாமனார். "ஒரே பொண்ணும்மா. ஒரே தடவதான கய்வப்போறேன்."

ஐயர் அவசரப்படுத்தியும், ஈரம் போகும்வரை அவர் என் காலை விடவில்லை.

அவர் இப்போது இல்லை. வரும் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, நாள் முழுக்க ஷூ. துண்டு தயாராக இருக்கிறது. அன்று அவர் மூடிய மாதிரி மூட என் கைக்கு மனசு வருமா என்பதைத்தான், குளித்துவிட்டு விரல் இடுக்கைத் துடைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.