மீன் வாங்கிய பை

நாகர்கோவில் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். பிளாஸ்டிக் பையை நிறுத்திய பிறகு எல்லோரும் வீட்டிலிருந்து பை கொண்டு வருகிறார்கள். சாமானை அதில் எடுத்து வைப்பதும் எங்கள் வேலைதான்.

ஒரு சனிக்கிழமை, வழக்கமாக வரும் அக்கா ஒருவர் நீட்டிய கட்டைப்பையில் பருப்பை வைக்கக் கையை விட்டேன். அடியில் கிடந்த கெளுத்தி மீன் முள் விரலில் ஆழமாக ஏறிவிட்டது. அலறிக் கையை உதறியதில் பருப்புப் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது.

"காலையில முட்டத்துல மீன் வாங்கின பையாக்கும். பாத்து கைய விடப்பிடாதா பிள்ளே?" என்றார் அக்கா.

மேலாளர் ஓடி வந்தார். என் விரலில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான், "அக்காகிட்ட சாரி சொல்லு" என்றார். சொன்னேன். வேறு பருப்பும் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. ஊசி போட்டும் அந்த வாரம் முழுக்க ஸ்பூனால்தான் சோறு சாப்பிட்டேன்.

இப்போது யார் பைக்குள்ளும் நான் கையை விடுவதில்லை. "மேசையில கவுத்துத் தட்டுங்க" என்று சொல்லிவிடுகிறேன். திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

போன வாரம் அதே அக்கா, அதே பையோடு வந்தார்.

"உள்ள ஒண்ணும் கெடையாது பிள்ளே, சும்மா எடுத்து வை."

"அப்போ நீங்களே ஒருக்க கைய விட்டுப் பாருங்க அக்கா."

பையின் வாய் வரைக்கும் கொண்டுபோன கையை அவர் இழுத்துக்கொண்டார்.