நாலாயிரம் ரூபாய் பூசணிக்காய்

பம்மலில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் என் ரூம்மேட்டும் நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். இருவருக்கும் அடுத்தடுத்துக் கல்யாணம் நிச்சயமானதும் காலி செய்தோம். அக்ரிமென்ட் அவன் பெயரில் இருந்ததால், பத்து மாத அட்வான்ஸ் எழுபதாயிரத்தையும் வீட்டுக்காரர் அவனிடமே கொடுத்துவிட்டார். அதில் பாதி என்னுடையது. "அடுத்த மாசம் போட்டுடறேன் மச்சான்" என்றான். அந்த அடுத்த மாசம் ஒன்றரை வருஷமாக வரவில்லை.

ஃபோனை எடுக்காமல் டபாய்க்கிற ஆளாக இருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டிவிடலாம். இவன் முதல் ரிங்கிலேயே எடுப்பான். எடுத்ததும் "மச்சான், சாப்ட்டியா?" என்பான். நானும் ஒரு மடையன், சாப்பிட்டதைச் சொல்வேன். என்ன குழம்பு, தொட்டுக்க என்ன என்று அவன் கேட்க, பேச்சு எங்கெங்கோ போய் முடிந்துவிடும். ஃபோனை வைத்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது உறைக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் சாப்பிட்டாயா என்று கேட்கிறவனிடம் எப்படிப் பாய்வது?

கல்யாணமானதிலிருந்து நான் சேலையூரில் மாமனார் வீட்டில் இருந்தேன். ரெண்டு மாசம் என்று சொல்லிவிட்டுப் போனது. மாமனார் நல்ல மனிதர்தான். ஆனால் நான் குளித்துவிட்டு வெளியே வரும்போதெல்லாம், அன்றைக்கு மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடியது என்று பொதுவாகக் காற்றிடம் சொல்வார். நான் ஓர் அறையிலிருந்து எழுந்து போனால், பின்னாலேயே வந்து ஃபேனை நிறுத்துவார். எப்படியோ மேடவாக்கத்தில் ஒரு வீடு பிடித்துவிட்டேன். அட்வான்ஸ் ஒரு லட்சம். என்னிடம் இருந்தது அறுபத்தைந்தாயிரம். திங்கட்கிழமைக்குள் முழுப் பணமும் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு காலையில் ரூம்மேட்டின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். தாம்பரத்தில் அவனுடைய சர்ச்சில் அறுப்புப் பண்டிகை. கோயிலில் வைத்துக் கேட்டால் எங்கே ஓடுவான் என்று கிளம்பிவிட்டேன்.

நான் போனபோது ஆராதனை முடிந்து, ஷாமியானாவுக்குக் கீழே, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த காய்கனிகளின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏல விஷயம் எனக்குத் தெரியாதது இல்லை. பம்மலில் இருந்தபோது வருஷா வருஷம் இந்தப் பண்டிகையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கி வருவான். நான் கிண்டல் செய்துகொண்டே தின்பேன்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "மச்சான்! வா வா, சாப்ட்டியா?"

"இன்னிக்கு அதெல்லாம் நடக்காது. என் பணம் இப்பவே வேணும்" என்றேன்.

"ஏலம் முடியட்டும் மச்சான், உக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கமிட்டிக்காரர் ஒருவர் பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இவன் உடனே கையை உயர்த்தி, "ஐந்நூறு!" என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் பணத்தில் பூசணிக்காய் வாங்குகிறானா? அதையும் இவனை நிம்மதியாக வாங்க விடக்கூடாது. "ஆயிரம்!" என்று கத்தினேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான், சிரித்தான், ஆயிரத்து ஐந்நூறு என்றான். நான் ரெண்டாயிரம் என்றேன். மைக்கில் "புதுசா வந்திருக்கிற தம்பி விட மாட்டேங்கறாரே!" என்று ஏற்றிவிட்டார்கள். அவன் மூவாயிரத்து ஐந்நூறு வரை வந்தான். நான் நாலாயிரம் என்றேன். அவன் கையைக் கீழே போட்டுவிட்டான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பூசணிக்காயைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள்.

என்ன செய்துவிட்டோம் என்று விளங்குவதற்குள் அவன் மனைவி ஓடி வந்தாள். கல்யாணத்தில் பார்த்தது, அதற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன்.

"அண்ணா, அது எங்க வீட்டுப் பூசணிக்காண்ணா! ஊரப்பாக்கம் வீட்டு மொட்டைமாடில தொட்டியில வளர்த்தேன். நம்ம காயை யாரும் கேக்காம விட்டுட்டா மானம் போயிடும்னுதான் இவர முதல்ல கேக்கச் சொன்னேன். நாலாயிரம்! இன்னிக்கு வேற எதுவும் இவ்வளவுக்குப் போகலண்ணா!" அவள் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்களிடம், "இவரோட பழைய ரூம்மேட். சொந்த அண்ணன் மாதிரி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் என் ரூம்மேட் முகம் வெளுத்து நின்றான். அட்வான்ஸில் பாதி என்னுடையது என்று வீட்டில் சொல்லியே இருக்க மாட்டான் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஒரு வாக்கியம் போதும், மானத்தை வாங்கிவிடலாம். அதற்காகத்தானே வந்தேன்? ஆனால் வாயில் வந்தது, "நல்லா விளைஞ்சிருக்கும்மா" என்பதுதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவன் என் கையைப் பிடித்து பைக் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஊரப்பாக்கம் வீட்டு அட்வான்ஸுக்கு உன் துட்டையும் சேத்துக் குடுத்துட்டேன் மச்சான். எல்லாம் என்னோடதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் உன்கிட்ட எப்டி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, அதான் ஒவ்வொரு வாட்டியும்..." என்று நிறுத்தினான். பிறகு ஃபோனை எடுத்து முப்பத்தைந்தாயிரத்தையும் அங்கேயே அனுப்பினான். புது பைக்குக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். "பூசணிக்கா காசையும் நானே போட்டுடறேன்" என்றான்.

"உன் வூட்டுக் காயை நீயே வாங்கினா அவங்களுக்கு என்னடா சந்தோஷம்?" என்றேன்.

ஏலக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தவர், "அடுத்த ஞாயிறு குடுத்தாக்கூடப் போதும் தம்பி" என்றார். வசூலுக்கு வந்தவன் கோயிலில் கடன் வைத்துவிட்டுப் போவதா என்று ரோஷம் வந்து, அப்போதே நாலாயிரத்தைக் கட்டினேன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சர்ச்சில் போட்ட பிரியாணியைச் சாப்பிட்டோம். ஒன்றரை வருஷத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். மனசு லேசாக இருந்தது.

ஷேர் ஆட்டோவில் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் கணக்கு உறைத்தது. அட்வான்ஸுக்கு இப்போது நாலாயிரம் குறைகிறது.

வேறு வழியில்லாமல் மாமனாரிடம் கைமாற்றாகக் கேட்டேன். அவர் பூசணிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விலையைக் கேட்டார். சொன்னேன். காயை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து நாலாயிரத்தை எடுத்து வந்து, "காலைல முதல் வேலையா கட்டிடுங்க மாப்பிள்ளை" என்றார். நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று என்னைவிட அவர்தான் ஆவலாகக் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடவாக்கத்துக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது. தண்ணி லாரிக்குக் காசு, ஃபிரிட்ஜுக்கு இ.எம்.ஐ. என்று மாசம் ஓடிவிடுகிறது. மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்வது போல ஒரு பை நிறையக் காய்கறியை அணைத்துக்கொண்டு வருகிறார். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை, அது வேறு விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையைக் கனைத்து, "மாப்பிள்ளை, அந்த..." என்று ஆரம்பிப்பார்.

"வாங்க மாமா, சாப்ட்டீங்களா?" என்பேன்.

அவரும் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார் என்று சொல்ல ஆரம்பிப்பார்.